பல் நீண்ட முகமூடிக்குக் காத்திருந்த கோயில்

பாலிக்குப் போகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் முதல் நாள் நாங்களும் செய்தோம். உளுவத்து கோயிலில் டிக்கெட் எடுத்து, அந்தி வெளிச்சத்தில் கெச்சாக் என்ற ராமாயண ஆட்டம் பார்த்தோம். ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து "சக் சக்" என்று குரலாலேயே தாளம் போட, நடுவில் சீதையும் அனுமனும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பழைய சடங்குப் பாட்டிலிருந்து 1930களில் வால்ட்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மன் ஓவியரும் வாயான் லிம்பாக் என்ற பாலி நடனக்காரரும் மேடைக்காக வடித்தது அது. கோயிலுக்குப் போய் வந்த நிறைவு வரவில்லை.

உபுதில் நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாவை 'இபு' என்று கூப்பிட்டோம். "நாளைக்கு எங்க ஊர்க் கோயில்ல ஒடாலன், வாங்க" என்றார். ஒடாலன் என்றால் கோயிலின் பிறந்தநாள். பவுகோன் என்ற பாலிப் பஞ்சாங்கத்தில் 210 நாளைக்கு ஒருமுறை வரும். காமென் என்ற வேட்டி, இடுப்பில் துண்டு, ஆண்களுக்குத் தலையில் உடெங். இது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

வாசலிலேயே கமேலான் என்ற அவர்களுடைய வாத்தியக் குழு காதைப் பிடித்து இழுத்தது. வெண்கலப் பட்டைகளைச் சுத்தியால் தட்டும் கங்சா ஜோடி ஜோடியாக இருந்தது. சிறு வயதில் கொஞ்சம் வீணை கற்றவள் நான். சுருதி சேரவில்லையே என்று முகம் சுளித்தேன். அப்புறம்தான் இபுவின் மகன் சொன்னான்: ஜோடியில் ஒன்றை வேண்டுமென்றே ஒரு மயிரிழை ஏற்றி வைப்பார்களாம். இரண்டையும் சேர்த்து அடித்தால் ஓசை நடுங்கும். அதற்கு ஒம்பாக், அதாவது அலை என்று பெயர். அலை இல்லையென்றால் வாத்தியம் செத்ததாம். மறுபடி காது கொடுத்தேன். கோயில் முற்றமே மெல்ல அதிர்வதுபோல் இருந்தது.

உள்ளே பெடாண்டா என்ற தலைமைக் குரு மணியடித்து மந்திரம் சொல்கிறார், ஒரு பக்கம் பெண்கள் கிடுங் என்ற பக்திப் பாட்டுப் பாடுகிறார்கள், கமேலான் தன்பாட்டுக்கு ஒலிக்கிறது. எதுவும் எதற்கும் காத்திருக்கவில்லை. நம் தீபாராதனை நேரத்துச் சத்தத்தை நாள் முழுக்க நீட்டினால் எப்படியோ, அப்படி.

நடு முற்றத்தில் ஒரு முதியவர் கூடைக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி முணுமுணுத்துவிட்டு, முகமூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டி ஆடினார். முறுக்கான மந்திரி, அடுத்து தலையில் பேன் தேடி மூச்சு வாங்கும் கிழவர், அப்புறம் ராஜா. எல்லாம் ஒரே ஆள். கெண்டாங் என்ற மத்தளம் வாசிப்பவர் அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் சட்டென்று நின்றால் மொத்த வாத்தியமும் நின்றது.

கடைசியாக வந்தது சிடகார்யா. காரிய சித்தி என்பதுதான் பெயரே. வெள்ளை முகம், துருத்திய பல், பரட்டை முடி. பழைய காலத்து பாலி அரசர் வத்துரெங்கோங், தீவின் தலைமைக் கோயிலான பெசாகியில் பெரிய யாகம் செய்தபோது, கந்தல் துணியோடு வந்த 'பிராமணா கெலிங்' என்பவரைத் துரத்திவிட்டார்களாம். அவர் சபிக்க, பயிரெல்லாம் அழிந்தது. திரும்ப அழைத்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் யாகம் முடிந்ததாம். அவர்தான் இந்த சிடகார்யா. அதனால் இன்றும் இந்த முகம் ஆடாமல் சடங்கு முழுமையாகாது.

'கெலிங்' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் மலேசியாவில் வளர்ந்தவள். அங்கே நம்மை மட்டம் தட்டச் சொல்லும் சொல் அது. இங்கே அந்தப் பெயர்க்காரரிடம் ஊரே வரம் கேட்டு நிற்கிறது.

சிடகார்யா மஞ்சள் அரிசியையும் காசையும் திசைக்கொரு கையாக வீசினார். பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கினார்கள். திடீரென்று கூட்டத்துக்குள் புகுந்து ஒரு பொடியனைத் தூக்கிக்கொண்டார். அவன் வீறிட்டான். ஊரே சிரித்தது. கையில் காசைத் திணித்து இறக்கிவிட்டதும், அழுதுகொண்டே காசை எண்ணினான்.

"சரி, இனிமே கும்பிடலாம்" என்று இபு என்னை உள்முற்றத்துக்கு இழுத்துப் போனார். பெமாங்கு பூசாரி தீர்த்தா தெளித்தார். தீர்த்தம்தான், அங்கேயும் அதே பேர். மூன்று முறை உறிஞ்சி, முகத்தில் தடவி, ஈர அரிசியை நெற்றியில் ஒட்டச் சொன்னார்கள். ஸ்டிக்கர் பொட்டின் மேல் அரிசி நிற்கவே இல்லை. இபு பார்த்துவிட்டு, பொட்டைப் பிய்த்து என் கையில் கொடுத்து, அந்த இடத்தில் அரிசியை அழுத்தினார்.