மூன்றாம் எண் சட்டை

மே 18, 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம். காலை ஆறு மணிக்கே மண் சூடேறிவிட்டது. கால்பந்துக் கோடை முகாமில் இருபத்தாறு பையன்கள் இருக்கிறார்கள். இன்றுதான் முதன்முறையாக இடம் பிரித்துக் கொடுத்தேன். "யாருக்கு பேக் ஆட இஷ்டம்?" (பின்னால் நின்று கோலைத் தடுப்பவன்தான் பேக்) என்று கேட்டபோது ஒரு கை கூட எழவில்லை.

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை லெஃப்ட் பேக்கில் நிறுத்தினேன். நல்ல வேகம். அதைவிட முக்கியம், எதிரே வருபவன் உடம்பை எப்படி வளைத்தாலும் இவன் கண் பந்தை விட்டு நகராது. அது சொல்லிக் கொடுத்து வருவதில்லை. ஆட்டம் முடிந்ததும் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே இருந்தான், கண் சிவந்திருந்தது. "நான் என்ன தப்பு பண்ணேன் அண்ணா? ஏன் என்னைப் பின்னாடி போட்டீங்க?"

பத்து வருடம் லீக் ஆட்டங்களில் அதே இடத்தில் நின்றவன் நான். அந்த நேரத்தில் எனக்குச் சரியான பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தேதியைப் பார்த்ததும் பதில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. 1994ல் இதே மே 18, ஏதென்ஸ். கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், இத்தாலியின் மிலானும் ஸ்பெயினின் பார்சிலோனாவும். மிலானின் தற்காப்பின் நடுத்தூண்கள் பரேசி, கொஸ்தாகுர்தா இரண்டு பேருக்குமே அந்த ஆட்டத்தில் ஆடத் தடை. எதிரில் கோல் போடும் ஃபார்வர்டுகள் ரொமாரியோ, ஸ்டாய்ச்கோவ். பார்சிலோனாதான் ஜெயிக்கும் என்று பெரும்பாலானோர் எழுதிவைத்திருந்த ஆட்டம் அது. பயிற்சியாளர் கப்பெல்லோ, மூன்றாம் எண் சட்டையோடு இடது பக்கம் ஆடிவந்த பாவ்லோ மால்தினியை நடுவே கொண்டுவந்து பிலிப்போ கல்லிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மால்தினிக்கு அப்போது 25 வயது. மிலான் 4-0 என்று ஜெயித்தது.

இன்று மாலை அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தேன். எல்லோரும் மசாரோவின் இரண்டு கோலையும், சவிசெவிச் கீப்பரின் தலைக்கு மேலே தூக்கிப் போட்ட கோலையும் பற்றிப் பேசுவார்கள். நான் ரொமாரியோவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்புகிற இடத்திலெல்லாம் அவருக்கு முன்னால் யாரோ ஒருவர் ஏற்கனவே நிற்கிறார். அவரை யாரும் கீழே தள்ளவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பையனுக்கு மால்தினியைக் காட்டப் போகிறேன். கொஞ்சம் கொஞ்சமாக.

மே 19, திங்கள்

அவனுடைய முதல் ஆட்சேபணை நியாயமானது. "எனக்கு வலது கால்தான் வரும் அண்ணா. என்னை ஏன் இடது பக்கம் போட்டீங்க?"

மால்தினியும் இயல்பில் வலதுகாலர் என்று சொன்னேன். நம்பவில்லை. இடது ஓரத்தில் ஓடி இடது காலால் அவர் கிராஸ் போடும் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தைத் தூக்கிப் போடும்) வீடியோத் துண்டுகள் நான்கைப் போனில் காட்டினேன். பழகிக்கொண்ட கால் அது. பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய், சுவரில் இடது காலால் உதைக்க ஆரம்பித்தான். பந்து எங்கெங்கோ போனது. உதைத்துக்கொண்டே இருந்தான்.

மே 21, புதன்

இன்று பையன்களிடம் ஒரு பந்தயம் வைத்தேன். என் யோசனை இல்லை இது, பயிற்சியாளர் அரிகோ சாக்கி மிலானில் செய்தது.

சாக்கி 1987ல் மிலானுக்கு வந்தபோது இத்தாலி முழுக்க ஆளுக்கு ஆள் காவல் ஆட்டம்தான். எதிரணி ஃபார்வர்ட் எங்கே போனாலும் பேக் அவன் பின்னாலேயே போக வேண்டும். சாக்கி அதை மாற்றினார். ஆளைத் துரத்தாதே, இடத்தைக் காப்பாற்று, நான்கு பேரும் ஒரே கோட்டில் சேர்ந்து நகருங்கள் என்றார். கில்லிட், வான் பாஸ்டன் போன்ற நட்சத்திரங்களுக்கு இதில் நம்பிக்கை வர வேண்டுமே. அதற்காக ஒரு சவால் வைத்தார். ஒரு பக்கம் ஐந்தே பேர்: கோல்கீப்பர் ஜொவான்னி கல்லி, தசோத்தி, பரேசி, கொஸ்தாகுர்தா, மால்தினி. இன்னொரு பக்கம் கில்லிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட், அன்செலோத்தி உட்பட பத்து பேர். பதினைந்து நிமிடம். பந்து பறிபோனால் பத்து பேரும் தங்கள் பாதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் பத்து பேர் சேர்ந்தும் ஒரு கோல் கூடப் போட முடியவில்லை என்று சாக்கியே பிறகு சொல்லியிருக்கிறார்.

எங்கள் மைதானத்தில் ஐந்து பேர் மூன்று கோல் வாங்கினார்கள். எனக்கு அது பெரிய தோல்வியாகப் படவில்லை. முதல் ஐந்து நிமிடத்திலேயே மூன்றும் விழுந்துவிட்டன. அப்புறம் நம் பையன் கத்த ஆரம்பித்தான். "மேல வா, மேல வா, லைன்ல வா!" கடைசிப் பத்து நிமிடம் ஒன்றும் விழவில்லை. யாரும் அவனுக்குக் கத்தச் சொல்லித் தரவில்லை.

மே 22, வியாழன்

இடைவேளையில் வட்டமாக உட்காரவைத்து 1985ன் கதையைச் சொன்னேன்.

ஜனவரி 20. உதினே நகரம், கடும் குளிர். மிலானின் பயிற்சியாளர் நில்ஸ் லீட்ஹோம். பத்திஸ்தினி என்ற ஆட்டக்காரருக்கு அடிபட்டதால் இரண்டாம் பாதிக்கு ஒரு பதினாறு வயதுப் பையனை இறக்கினார். ஆட்டம் 1-1. அந்த சீசனில் அவன் ஆடிய ஒரே லீக் ஆட்டம் அதுதான்.

அந்தப் பையன்தான் மால்தினி. அப்பா சேசரே மால்தினி மிலானின் பழைய கேப்டன். 1963ல் வெம்பிளியில் பென்ஃபிகாவை 2-1 என்று வென்று, இத்தாலியக் கிளப் ஒன்றின் முதல் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியவர். இப்படிப்பட்ட அப்பாவுக்கு மகனாய்ப் பிறந்து, அதே கிளப்பில், அதே தற்காப்பில் ஆடுவது லேசான காரியமா? 'அப்பா சிபாரிசு' என்ற பேச்சு எந்த ஊரிலும் எழும். அதை வாயால் மறுத்துத் தீராது. மால்தினி 902 ஆட்டங்கள் ஆடினார், எல்லாம் மிலானுக்கே. வேறு கிளப்பின் சட்டையை அவர் போட்டதே இல்லை.

"902ஆ?" என்று ஒருவன் கேட்டான். எங்கள் முகாமில் வாரத்துக்கு ஒரு மேட்ச். பதினேழு வருடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டது நம் லெஃப்ட் பேக்.

மே 24, சனி

2009, இதே நாள். சொந்த மைதானமான சான் சீரோவில் மால்தினியின் கடைசி ஆட்டம், ரோமாவிடம் 2-3 தோல்வி. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஆட்டம் முடிந்து மைதானத்தைச் சுற்றி வந்தபோது, சொந்த ரசிகர்களில் ஒரு பகுதியினர் விசில் அடித்தார்கள். பழைய மனஸ்தாபங்கள். ஒரே ஒரு கேப்டன்தான், அவர் பரேசி என்று கோஷம் போட்டார்கள்.

இதைப் பையன்களிடம் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. பரேசியை நானும் வணங்குகிறேன், ஆனால் அவரைக் காட்டி இவரைக் குத்துவது பரேசிக்கே மரியாதை இல்லை. ஒரு வாரம் கழித்து பிளாரன்சில், எதிரணி ஊரில், மால்தினியின் கடைசி ஆட்டத்துக்கு மொத்த மைதானமும் எழுந்து நின்று கைதட்டியது.

மே 25, ஞாயிறு

இருபது வருடம் ஆகிவிட்டது. 2005, இஸ்தான்புல், ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், மிலானும் லிவர்பூலும்.

அன்று எனக்கு 22 வயது. நம் நேரம் நள்ளிரவு 12.15க்கு ஆட்டம். நண்பன் வீட்டு மொட்டைமாடி அறையில் ஏழு பேர், ஒரு சின்ன டிவி. உட்கார்ந்து முடிப்பதற்குள் கோல். பிர்லோ எடுத்த ஃப்ரீ கிக், மால்தினி வலது காலால் நேராக அடித்தார். முதல் நிமிடம் கூட முடியவில்லை. லெஃப்ட் பேக் ஒருவர், 36 வயதில், ஐரோப்பிய இறுதி ஆட்டங்களிலேயே வேகமான கோலைப் போட்டிருக்கிறார்! நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டுப் பாட்டி எழுந்துவிட்டார். இடைவேளைக்குள் மிலானின் கிரெஸ்போ இரண்டு போட்டார். 3-0.

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். ஆறே நிமிடத்தில் லிவர்பூலின் ஜெரார்டு, ஸ்மிட்சர், அலோன்சோ. 3-3. பெனால்டியில் லிவர்பூல் ஜெயித்தது. அந்த ஆறு நிமிடங்களை இன்றும் எதிரணி கோல் போட்டவர்களின் வெற்றியாக என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு பேக்காகத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு கோலுக்கும் முன்னால் மிலானின் கோடு ஒரு அடி, இரண்டு அடி பின்வாங்குகிறது. யாரோ ஒருவர் கொஞ்சம் தாமதமாகத் திரும்புகிறார். சாக்கி காலத்து அந்த ஒற்றைக் கயிறு அன்று அறுந்துவிட்டது. கேப்டன் மால்தினி. பொறுப்பு அவருக்கும் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன்.

விடியற்காலை நடந்தே வீட்டுக்கு வந்தேன். தெருவில் பால் வண்டி மட்டும்தான். ஏன் அவ்வளவு அழுதேன் என்று அப்போது புரியவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2007 மே 23, மறுபடி ஏதென்ஸ், மறுபடி லிவர்பூல். இன்சாகியின் இரண்டு கோலில் மிலான் 2-1 என்று ஜெயித்தது. 39 வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது மால்தினி தன் ஐந்தாவது கோப்பையைத் தூக்கினார். அவர் ஆடிய ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டங்கள் எட்டு. மூன்றில் தோற்றிருக்கிறார்.

மே 28, புதன்

அக்னி இன்றோடு முடிகிறது. முகாமிலும் கடைசி வாரம்.

2003 மே 28, மான்செஸ்டர், இன்னொரு ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். யுவென்டசுடன் கோல் இல்லாமல் 120 நிமிடம், பெனால்டியில் 3-2. அப்பா இங்கிலாந்தில் கோப்பை தூக்கி நாற்பது வருடம் கழித்து மகனும் இங்கிலாந்திலேயே தூக்கினார். அந்த ஆட்டம் சலிப்பு என்பவர்கள் இருக்கிறார்கள். நான் பத்து தடவையாவது பார்த்திருப்பேன்.

ஐந்துக்குப் பத்து மறுபடி வைத்தோம். இந்த முறை ஒரே கோல்.

ஜூன் 1, ஞாயிறு

நேற்றிரவு முனிக்கில், இந்த வருட ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பாரிஸ் அணி இண்டர் மிலானை (மால்தினியின் மிலான் இல்லை, அதே ஊரின் இன்னொரு கிளப்) 5-0 என்று வென்றது. இறுதி ஆட்டம் ஒன்றில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இதுவரை இருந்ததில்லை. காலையில் தூக்கக் கலக்கத்தோடு மைதானத்துக்குப் போனால், நம் பையன் எனக்காகவே காத்திருந்தான். அவனும் பார்த்திருக்கிறான், முதல் பாதி வரை.

"அண்ணா, ஃபர்ஸ்ட் கோல்ல அந்த லெஃப்ட் பேக் லைன்ல வரல. மத்தவங்க எல்லாம் மேல வந்துட்டாங்க, இவரு மட்டும் கீழ இருந்தாரு. அதனாலதான் ஆஃப்சைடு இல்ல."

இண்டரின் டிமார்கோ. பன்னிரண்டாவது நிமிடம். சரியாகத்தான் சொன்னான். தற்காப்புக் கோட்டைத் தாண்டி நிற்பவனுக்குப் பந்து போனால் ஆஃப்சைடு, கோல் செல்லாது; ஒருவர் கீழே நின்றுவிட்டால் அந்தக் கோடே கீழே போய்விடும். அந்த ஆட்டத்தில் பாரிசின் நட்சத்திரம் டூவேயைப் பற்றிப் பேசாமல் டிமார்கோவின் காலைப் பற்றிப் பேசிய பன்னிரண்டு வயதுப் பையனை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பயிற்சி.

ஜூன் 15, ஞாயிறு

பக்கத்து ஏரியா பையன்களோடு மேட்ச், 0-1. கடைசி நிமிடத்தில் வலது பக்கத்திலிருந்து ஒரு கிராஸ். நம் லெஃப்ட் பேக் குதித்தான், பந்து அவன் தலைக்கு மேலே போனது. பின்னால் இருந்தவன் தலையால் முட்டிவிட்டான். அதுவரை நம் பையன் பக்கம் வழியாக ஒரு பந்து கூட உள்ளே வரவில்லை. யாருக்கும் அது ஞாபகம் இல்லை. அவன் அம்மா வந்து கூட்டிப் போகும்வரை யாரிடமும் பேசவில்லை.

ஜூன் 18, புதன்

இன்று மாலை அவனை வீட்டுக்கு வரச் சொன்னேன், அம்மாவோடு வந்தான். டீ போட்டுக் கொடுத்துவிட்டு 2002 ஜூன் 18 ஆட்டத்தை எடுத்தேன். டேஜான் நகரம், உலகக் கோப்பை, இத்தாலியும் தென்கொரியாவும்.

முதலில் மால்தினியின் இத்தாலிக் கணக்கைச் சொன்னேன். 126 ஆட்டங்கள். நான்கு உலகக் கோப்பைகளில் 23 ஆட்டங்கள். 1990ல் சொந்த மண்ணில் அரையிறுதி வரை அணி ஒரு கோல் கூட வாங்கவில்லை, அப்புறம் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோல்வி. 1994 இறுதியில் பிரேசிலை 120 நிமிடம் தடுத்து நிறுத்திவிட்டு மறுபடி பெனால்டி. 1998ல் அப்பாவே பயிற்சியாளர், மகன் கேப்டன், மறுபடி பெனால்டி. 2000 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இறுதியில், கூடுதல் நேரத்தில் விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவிடும் தங்க கோலால் தோல்வி. நாட்டுக்காக ஒரு கோப்பையும் இல்லை.

பிறகு அந்த 117வது நிமிடத்தைப் போட்டேன். இடது பக்கத்திலிருந்து கிராஸ். ஆன் ஜங் ஹ்வான் மால்தினியை மிஞ்சி எழும்பித் தலையால் அடிக்கிறார். தங்க கோல், ஆட்டம் அங்கேயே முடிந்தது. இத்தாலிக்காக மால்தினி ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். அவர் இல்லாமல் 2006ல் இத்தாலி உலகக் கோப்பையை ஜெயித்தது.

பையன் அசையவில்லை. அவன் அம்மாதான் கேட்டார்: "அவ்ளோ பெரிய ஆளுக்கா தம்பி இப்படி?"

"ஆமாக்கா. அடுத்த மே மாசம் கப்பைத் தூக்கினாரு."

பையன் ரிமோட்டை வாங்கி ஓட்டிப் பின்னால் கொண்டுபோனான். மறுபடி பார்த்தான். மூன்றாவது தடவை, பந்து காற்றில் இருக்கும்போது நிறுத்தி, எழுந்து டிவி பக்கத்தில் போய் மால்தினியின் காலில் விரலை வைத்தான்.

"இப்பதான் குதிக்கிறாரு. அவன் முன்னாடியே எழும்பிட்டான்." கொஞ்ச நேரம் கழித்து, "நானும் லேட்டாதான் குதிச்சேன் அண்ணா. ஞாயித்துக்கிழமை எனக்கு இந்த மாதிரி கிராஸ் போட்டுத் தர்றீங்களா?"

ஜூன் 22, ஞாயிறு

ஐந்தே முக்காலுக்கு வந்துவிட்டான். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வலது ஓரத்திலிருந்து நாற்பது கிராஸ் போட்டேன். இருபத்தி மூன்றைத் தலையால் வெளியே தள்ளினான். என் முட்டி வலிக்கிறது. அடுத்த வாரம் ஐம்பது வேண்டுமாம்.