கொட்டி இலை: சிங்காநல்லூர் குளத்து நாட்குறிப்பு

அக்டோபர் 4
மழை. பரிசல் இறங்கவில்லை.

அக்டோபர் 6
ஆறரைக்கே தண்ணீரில் இருந்தோம். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை 12 இடத்தில் போட்டதில், 9 இடத்தில் ஆகாயத்தாமரை மட்டும்தான். மிச்சத்தில் ஒரு கொத்து வேலம்பாசி, மூன்று ஆம்பல் இலை. தேடி வந்த நீர்ச்செடியான கொட்டி இல்லை.

"சின்ன வயசுல கொட்டிக்கிழங்கு தோண்டி அவிச்சுத் தின்னிருக்கறோம் அம்மிணி" என்றார் பரிசல்காரர். எந்த மூலையில் என்று கேட்டேன். துடுப்பை நீட்டிக் குளம் முழுக்கக் காட்டினார்.

அக்டோபர் 9
பாய் போலப் படர்ந்த இடத்துக்கு அடியில் ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மில்லிகிராம்கூட இல்லை. மீட்டரைக் கழுவி மறுபடி அளந்தேன். அதேதான். வலையில் ஜிலேபி மீன் மட்டும்.

அக்டோபர் 10
கொட்டி இல்லை.

அக்டோபர் 13
கரையில் ஒரு அம்மா கீரை பறித்துக்கொண்டிருந்தார். பொன்னாங்கண்ணி என்றார். பூவைப் பார்த்தேன், நீளக் காம்பு. நம் பொன்னாங்கண்ணிப் பூ கணுவிலேயே ஒட்டி உட்கார்ந்திருக்கும். தண்டைக் கிள்ளினால் உள்ளே குழல். அலிகேட்டர் களை, ஆகாயத்தாமரை போல இதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். சாக்கடைத் தண்ணீரில் இருக்கும் உலோகத்தை எல்லாம் உறிஞ்சி வைத்திருக்கும், வேண்டாங்கம்மா என்றேன். பாதியைக் கொட்டினார். மீதிப் பாதி எந்த வீட்டுக்குப் போனதோ, ராத்திரி வரை அதே நினைப்பு.

அக்டோபர் 17
ஆகாயத்தாமரை இலைகளில் சுரண்டல் தழும்புகள். இந்தக் களையைத் தின்னட்டும் என்று 1983ல் பெங்களூரில் விட்ட கூன்வண்டின் வம்சம், இங்கேயும் மேய்கிறது. கையில் எடுத்தால் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. இவ்வளவு வண்டு இருந்தும் களை ஏன் அடங்கவில்லை? சாக்கடை ஊட்டுகிற வேகம் அப்படி. வண்டு தின்பதற்குள் புது இலை. இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிற செடி. பூத்து உதிர்ந்த விதை சேற்றில் 20 ஆண்டு வரை உயிரோடு கிடக்கும். நொய்யலில் வெள்ளம் வந்தால் மேல்குளங்களில் இருப்பதும் இங்கே வந்து சேரும். வாய்க்கால் வாயில் ஒரு தடுப்பு வலை கட்டுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. எந்திரம் வந்து அள்ளிப் போனால் படம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் தை மாதம் நானும் இந்தச் சட்டமும் இங்கேயே.

அக்டோபர் 18
எந்திரம் திங்கட்கிழமை வருகிறதாம்.

அக்டோபர் 19
தென்கரை ஓரம், பாய் கிழிந்த இடத்தில், கையகல வெளிச்சம். அதில் மிதக்கும் நீள இலைகள், ஐந்து. நடுநரம்பு தெளிவாகத் தெரிகிறது. பரிசலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தபடியே இருந்தேன். பூ இல்லாமல் உறுதி சொல்ல முடியாது. பரிசல்காரர் மட்டும் உடனே, "இதேதான் அம்மிணி."

அக்டோபர் 20
மூங்கில் நட்டு, சிவப்புத் துணி கட்டினோம். எந்திரம் ஓட்டுகிறவருக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலம் இலைகளுக்கு நடுவே தண்ணீருக்கு மேல் ஒரு முனை, ஊசி அளவுக்கு. கதிராக இருக்கலாம்.

அக்டோபர் 21
ஐந்து மணி. இன்னும் இருட்டு. எந்திரச் சத்தம் இதுவரை