காருக்கு எல்எல்ஆர்: ஆதாரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்

தமிழ்நாட்டில் காருக்கு எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுக்க இப்போது ஆர்டிஓ ஆபீஸ் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் உள்ள சாரதி பக்கத்தில் விண்ணப்பித்து, வீட்டிலிருந்தே தேர்வும் எழுதி, பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இந்த வசதி ஆதார் வழியாகப் போகிறவர்களுக்கு மட்டும்தான். தேர்வுக்கு முன்பே ஆதார் விவரத்தில் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

ஓடிபி வருவது ஆதாரில் பதிந்த மொபைல் எண்ணுக்கு. அந்த சிம் எப்போதோ போய்விட்டது என்றால் முதல் படியிலேயே வேலை நின்றுவிடும். பெயர், பிறந்த தேதி, முகவரி, போட்டோ எல்லாம் ஆதாரிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். படிவத்தில் திருத்த முடியாது. நம் ஊர் இனிஷியல் வழக்கம் இங்கேதான் வம்பு செய்கிறது. பத்தாம் வகுப்பு சான்றிதழில் ஒற்றை எழுத்து இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் முதலில் அதை ஒன்றாக்குங்கள். லைசென்ஸில் ஏறிவிட்ட பிறகு மாற்றுவது தனி அலைச்சல்.

பதினெட்டு வயதுக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 15 வயதில் செய்ய வேண்டிய பயோமெட்ரிக் புதுப்பிப்பைச் செய்யாமல் விட்டிருந்தால், ஆதாரில் இருப்பது குழந்தை முகம். தேர்வின்போது கேமரா முன் உட்காரும் முகத்தோடு அது ஒத்துப்போகாது. இ-சேவை மையத்துக்கோ தபால் நிலையத்துக்கோ போய்ப் புதுப்பித்துவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்தில் மாநிலம், புதிய எல்எல்ஆர் என்று தேர்ந்தெடுத்து ஓடிபி கொடுத்தால் படிவம் 2 திறக்கும். காருக்கான வகை எல்எம்வி, அதாவது இலகுரக மோட்டார் வாகனம். ஆட்டோமேட்டிக் கார் என்றாலும் கியர் கார் என்றாலும் இதே வகைதான். பைக்கும் ஓட்டும் எண்ணம் இருந்தால் கியர் பைக் வகையையும் இதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம். பின்னால் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கென்று மறுபடி எல்எல்ஆர் எடுக்க வேண்டிவரும். கட்டணம் ஒரு வகைக்கு ரூ.150, தேர்வுக்கு ரூ.50. சேவைக் கட்டணம் தனி.

அடுத்து வருவது படிவம் 1, உடல்தகுதி பற்றிய சுய உறுதிமொழி. வலிப்பு உண்டா, சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா என்று கேட்கும். பலரும் படிக்காமலேயே டிக் அடித்துவிடுகிறார்கள். அதில் ஒரு கேள்வியை நிஜமாகவே செய்து பாருங்கள்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே பார்க்கலாம். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் டிரைவிங் ஸ்கூலுக்கு முன்னால் கண் டாக்டர்தான். 40 வயதைக் கடந்தவர்கள் பதிவுபெற்ற மருத்துவரிடம் படிவம் 1ஏ வாங்கிச் சேர்க்க வேண்டும்.

ஆவணங்களைச் சிறிய கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் படம் சில கேபி அளவுக்குள் இருந்தாக வேண்டும். போனில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் தளம் ஏற்காது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்டு, ஓரங்களை வெட்டி, அளவைக் குறைத்து ஏற்றுங்கள்.

பணம் கட்டும்போது பக்கம் உறைந்துபோவது அடிக்கடி நடக்கும். கணக்கில் பணம் போயிருக்கும், ரசீது வந்திருக்காது. உடனே இரண்டாவது தடவை கட்டிவிடாதீர்கள். அதே தளத்தில் கட்டண நிலையைச் சரிபார்க்கும் இணைப்பு இருக்கிறது. விண்ணப்ப எண்ணைக் கொடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே ரசீது கிடைத்துவிடும். இதெல்லாம் சிரமம் என்றால் 2024 மார்ச் முதல் இ-சேவை மையங்களிலும் எல்எல்ஆருக்கு விண்ணப்பிக்கலாம்; கூடுதலாக ரூ.60. புரோக்கருக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

தேர்வுக்கு முன் சாலைப் பாதுகாப்பு வீடியோ ஒன்றை முழுவதும் பார்த்தாக வேண்டும். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. முகத்தில் வெளிச்சம் விழும்படி, சுவரைப் பின்னால் வைத்து, தனியாக உட்காருங்கள். உதவிக்கு ஒருவர் பக்கத்தில் எட்டிப் பார்த்தால் தேர்வு பாதியில் நின்றுபோகலாம். தவறினால் மறுதேர்வுக்கு மீண்டும் ரூ.50.

கேள்விகளில் பெரும்பகுதி சாலைக் குறியீடுகள். வட்டம் என்றால் கட்டளை, சிவப்பு ஓர முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் என்றால் தகவல். வடிவத்தை வைத்தே பாதி விடை தெரிந்துவிடும். குழப்புவது ஒரு ஜோடிதான்: நீல வட்டத்தில் ஒற்றைக் குறுக்குக் கோடு இருந்தால் பார்க்கிங் கூடாது, பெருக்கல் குறி போல இரண்டு கோடு இருந்தால் வண்டியை நிறுத்தவே கூடாது. கைச்சைகையில் ஓட்டுநர் வலது கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைக்கிறார். முன்கையைச் செங்குத்தாகத் தூக்கினால் நிற்கப்போகிறார். நீட்டிய கையை இடஞ்சுழியாகச் சுற்றினால் இடது பக்கம் திரும்புகிறார். ஆளில்லா ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் இரண்டு பக்கமும் பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்பதும் வாடிக்கையாகக் கேட்கப்படும் கேள்வி. சிக்னல் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிற வண்டிக்கு வழி விடுவது, ரத்தத்தில் மது அளவு 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பு, இவற்றையும் நினைவில் வையுங்கள்.

ஆதார் வேண்டாம் என்பவர்கள், அல்லது ஆதார் சிக்கல் தீராதவர்கள், ஸ்லாட் போட்டு அசல் ஆவணங்களோடு ஆர்டிஓ அலுவலகம் போய் அங்குள்ள கணினியில் தேர்வு எழுதலாம்.

எல்எல்ஆர் கையில் வந்ததும் தனியாகக் காரை எடுத்துவிடக் கூடாது. பக்கத்து சீட்டில் காருக்கு நிரந்தர லைசென்ஸ் உள்ளவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’. பலகை 18 செ.மீ. சதுரம், எழுத்து 10 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன், அடியில் 9 செ.மீ. அகலம். கடையில் விற்கும் குட்டி ஸ்டிக்கர்களில் பல இந்த அளவுக்கு வராது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் ரூ.5,000, வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக உண்டு.

எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். 30 நாள் முடிந்த பிறகுதான் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன் வண்டி ஓட்டிக் காட்ட முடியும். ஏப்ரல், மே விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் மொய்க்கும் என்பதால், ஸ்லாட் தள்ளித்தான் கிடைக்கும். 30 நாள் கழிந்ததுமே தேதி போட்டுவிடுங்கள். ஒரு தடவை தவறினாலும் இன்னொரு முயற்சிக்கு நாள் மிச்சம் இருக்கும். 6 மாதம் தாண்டினால் எல்எல்ஆரை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும், கட்டணமும் மறுபடி.