பிரஷர் மரபணு தேடுகிறீர்களா? முதலில் மாத்திரைக் கணக்கைப் பாருங்கள்

பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரின் மரபணு, உடல்நல விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் யுகே பயோபேங்க் தரவில் ரத்த அழுத்தத்துக்கான (பிரஷர்) மரபணுத் தேடல் ஒருவழியாக முடிந்தது. மரபணுத் தரவின் தரச்சோதனை, ரெஜீனி என்ற பகுப்பாய்வு மென்பொருளின் ஓட்டம் எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வைத்தது மாத்திரை விவரம்தான்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மேல் அளவு 135 என்று பதிவாகியிருக்கும். மாத்திரை இல்லையென்றால் 150 இருந்திருக்கும். அப்படியே விட்டால் சிக்னல், அதாவது ஒரு மரபணு இடத்துக்கும் பிரஷருக்கும் உள்ள தொடர்பின் தடயம், மங்கும். அவர்களை நீக்கினாலும் தப்பு, பிரஷர் அதிகமுள்ளவர்களையே தூக்கி எறிந்ததாகிவிடும். அதனால் மேல் அளவோடு 15, கீழ் அளவோடு 10 கூட்டுவது வழக்கம். கூட்டினோம், ஆண்களுக்கு மட்டும்!

மருந்துக் கேள்வி ஆண்களுக்கு 6177, பெண்களுக்கு 6153 என இரண்டு ஃபீல்டுகளில் (எண்ணிட்ட தரவுப் பகுதிகளில்) இருக்கிறது. முதலாவதை மட்டும் எடுத்ததால் ஒரு பெண்கூட மாத்திரை சாப்பிடவில்லை என்று ஆகிவிட்டது. அதைச் சரிசெய்த பிறகும் ஓட்டை அடைபடவில்லை. ஒருவர் பல பதில்கள் தரலாம். கொலஸ்ட்ரால் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு முதல் நெடுவரிசையில் 1 நிற்கும், பிரஷருக்கான 2 அடுத்ததில் இருக்கும். எல்லா நெடுவரிசையிலும் 2-ஐத் தேடுங்கள். -1 என்றால் ‘தெரியாது’, -3 என்றால் ‘சொல்ல விருப்பமில்லை’. இரண்டையும் ‘இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

பயமுறுத்துவது என்னவென்றால், தப்பான ஓட்டத்திலும் மன்ஹாட்டன் படம் (குரோமோசோம் வாரியாக சிக்னல்களைக் கோபுரங்கள்போலக் காட்டும் வரைபடம்) அழகாகவே வந்தது. சுமார் 5 லட்சம் பேரின் தரவு இந்த ஓட்டைகளை மூடி மறைத்துவிடும். ஓட்டுவதற்கு முன் ஆண், பெண் வாரியாக மாத்திரை சாப்பிடுவோரை எண்ணிப் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. யாருக்குப் பிரஷர் என்ற விவரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம்: 2007-இல் பிரிட்டனில் 7 நோய்களின் மரபணுக்களை அலசிய பெரிய ஆய்வில், 2,000 பிரஷர் நோயாளிகள் இருந்தும் அந்த நோய்க்கு, தற்செயல் அல்ல என்று ஏற்பதற்கான புள்ளியியல் வரம்பைத் தாண்டிய சிக்னல் ஒன்றுகூட வரவில்லை. ஒப்பீட்டுக் குழுவினரின் பிரஷரை அளந்து பிரிக்காதது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

அடுத்த இடறல், மரபணுவுக்குப் பெயர் வைப்பதில். 16-ஆம் குரோமோசோமில் ஒரு சிக்னல் பி.டி.ஐ.எல்.டி. மரபணுவுக்குள்ளேயே விழுகிறது. ‘அருகிலுள்ள மரபணு’ என்ற விதிப்படி பட்டியலில் அந்தப் பெயர்தான் ஏறும். ஆனால் அது விந்தகத்தில் வேலை செய்வது, பிரஷரோடு அதற்கென்ன தொடர்பு? பக்கத்தில் இருக்கிறது யுமோட் என்ற இன்னொரு மரபணு. சிறுநீரகத்தில், உப்பை மீட்டெடுக்கும் ஹென்லே வளைவு என்ற நுண்குழாயின் தடித்த பகுதியில் வெளிப்படும் (வேலை செய்யும்) மரபணு அது. சரியான மரபணுவைக் கண்டுபிடிக்க, எந்தத் திசுவில் எது வேலை செய்கிறது என்ற வெளிப்பாட்டுத் தரவைப் பார்ப்போம். ரத்தத்தின் மரபணு வெளிப்பாட்டுத் தரவு பெரியது, எளிதில் கிடைக்கும். அதில் யுமோட்டைத் தேடினால் ஒன்றும் தெரியாது. சிறுநீரகத் திசுவின் தரவைச் சேர்த்த பிறகுதான் பட்டியலில் சரியான பெயர் ஏறியது.