பெயரில் குடியிருக்கும் நீர்ப்பேய்

ஸ்காட்லாந்தின் மிக நீளமான ஆறு டே. அதன் கரையோர ஊர்ப் பெயர்களைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. 'அபர்', 'இன்வர்' இரண்டுக்குமே நீர் வந்து கலக்கும் இடம் என்றுதான் பொருள். முன்னது ஸ்காட்லாந்தின் பழங்கால மக்களான பிக்ட்டுகளின் சொல், பின்னது அங்கத்திய கேலிக் மொழிச் சொல். அபர்ஃபெல்டியின் பெயருக்குள் ஒரு நீர்ப்பேய் குடியிருக்கிறதாம். பிரான் ஆறு வந்து சேரும் இடத்துச் சிற்றூருக்கோ வெறும் 'இன்வர்'. பெயர் வைத்தவருக்கு அன்று சோம்பல் போலும்!

அதே ஆற்றங்கரையில் நிற்கும் பழம்பெரும் பர்னம் ஓக் மரத்தடியில் வெகுநேரம் நின்றேன். அடிமரம் பொந்து, தாழ்ந்த கிளைகளுக்கு முட்டுக்கட்டைகள். ஊன்றுகோல் பிடித்த தாத்தாவேதான்.

டே கடலைச் சேரும் பக்கத்து டண்டீ நகரில் மனம் கனத்தது. 1879 டிசம்பர் 28 இரவு, புயலில் ரயிலோடு சரிந்த டே பாலத்தின் தூண் அடிகள், இன்றைய பாலத்தை ஒட்டி இன்னமும் நீருக்கு மேல் வரிசையாகத் தலைநீட்டுகின்றன.