வசனங்களுக்கு நடுவே மனிதர்கள்

கிறிஸ்தவ மாத இதழ் ஒன்றின் நூல் மதிப்புரைப் பகுதியைப் பல ஆண்டுகளாக நான் எழுதிவருகிறேன். மதிப்புரைக்கு வரும் நூல்களில் பெரும்பாலானவை விசுவாச வாழ்க்கை, குடும்பம், இஸ்ரவேல் என்ற மூன்று பொருள்களுக்குள் அடங்கிவிடும். எழுதுபவர்கள் போதகர்கள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள், முழுநேர ஊழியர்கள். அநேகமாக அவர்களே பதிப்பாளர்களாகவும் இருப்பார்கள். திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ உள்ள ஓர் அச்சகத்தில் சில நூறு படிகள் அச்சிட்டு, கன்வென்ஷன் கூட்டங்களின் வாசலில் மேசை போட்டு விற்பார்கள். பேராயரின் ஆசியுரை, இரண்டு மூன்று வாழ்த்துரைகள், ஆசிரியரின் நன்றியுரை ஆகியவற்றைக் கடந்து முதல் அத்தியாயத்துக்கு வருவதற்குள் பல பக்கங்கள் போய்விடும். ஆசியுரை தந்தவரும் நூலை எழுதியவரும் இதழின் சந்தாதாரர்கள். நூலாசிரியர் அடுத்த மாதம் என் சபையிலேயே பிரசங்கிக்க வரவும் கூடும். இப்பகுதியில் நீண்ட காலம் பாராட்டுரைகளே வெளிவந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடுவதில்லை என்பது என் பழக்கம். இரண்டாம் வாசிப்பில் வேதாகமத்தை அருகில் திறந்து வைத்துக்கொண்டு, அடைப்புக்குறிக்குள் தரப்பட்டுள்ள ஒவ்வொரு வசன இருப்பிடத்தையும் புரட்டிப் பார்ப்பேன். அதிகாரம் மாறியிருப்பது, வசன எண் தவறியிருப்பது போன்றவை அச்சுப் பிழைகள்; அவற்றை ஆசிரியருக்குத் தனிக் கடிதத்தில் எழுதிவிடலாம். மதிப்புரையில் சொல்ல வேண்டியது வேறு. ஒரு வசனம் முதன்முதலில் யாருக்குச் சொல்லப்பட்டதோ அவர்களும், இன்று அந்த வசனத்தின் பாரத்தைச் சுமக்கப்போகிறவர்களும் அந்தப் பக்கத்தில் எங்காவது தென்படுகிறார்களா என்பதையே நான் பார்க்கிறேன். இந்த மூன்று வகை நூல்களும் இடறுவது அநேகமாக இந்த ஓரிடத்தில்தான்.

இஸ்ரவேலைப் பற்றிய நூல்களில் இது மிகத் தெளிவாகத் தெரியும். எசேக்கியேல் 37ஆம் அதிகாரத்தில் உயிர்பெற்றெழும் உலர்ந்த எலும்புகளிலிருந்து, இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்ட 1948ஆம் ஆண்டு மே 14ஆம் தேதிக்கு ஒரே வாக்கியத்தில் தாவிவிடும் நூல்களை நான் நிறையவே வாசித்திருக்கிறேன். பாபிலோனில் சிறையிருந்த ஜனங்கள், "எங்கள் நம்பிக்கை அற்றுப்போயிற்று" என்று சொன்னதற்கு மறுமொழியாகவே அந்தத் தரிசனம் கொடுக்கப்பட்டது என்பதை அந்த அதிகாரமே சொல்கிறது. நூல்கள் அந்த வரியில் நிற்பதில்லை. பழைய ஏற்பாட்டின் கோத்திரங்கள், பவுல் ரோமர் 9 முதல் 11 வரையுள்ள அதிகாரங்களில் கண்ணீரோடு பேசும் தன் இனத்தார், இன்று நாடாளுமன்றமும் தேர்தலும் கூட்டணிக் குழப்பங்களும் உள்ள ஒரு குடியரசு ஆகிய மூன்றும் ஒரே பெயரைத் தாங்கியிருப்பதால், ஒன்றைப் பற்றிய வசனத்தை மற்றொன்றின் மேல் வைப்பது எழுதுபவருக்கு எளிதாகிவிடுகிறது.

விசுவாசிகளை எடுத்துக்கொள்ளக் கிறிஸ்து வரும் இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவ காலம், அதன்பின் ஆயிரவருட அரசாட்சி என்று வரிசைப்படுத்தும் போதனையை 19ஆம் நூற்றாண்டில் வகுத்துப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஜான் நெல்சன் டார்பி. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் குறிப்புரை வேதாகமம் அந்த முறைமையை வசனங்களுக்கு அடியிலேயே குறிப்புகளாக அச்சிட்டது. வாசிப்பவர் கண்ணுக்கு மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒரே பக்கம்தானே. இந்தப் போதனையை நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆயிரம் வருடங்களைத் திருச்சபையின் காலமாகவே வாசித்த பண்டைய இறையியலாளர் அகுஸ்தீனின் மரபில் வரும் சபைகளும் தமிழ்நாட்டில் இருக்கின்றன, அந்தச் சபைகளின் மக்களும் இதே நூல்களை வாங்கிச் செல்கிறார்கள் என்பதால், இது ஒரு சாராரின் விளக்கம் என்ற ஒரு வரியாவது முன்னுரையில் இருக்க வேண்டும் என்று மதிப்புரைகளில் தொடர்ந்து எழுதிவருகிறேன். எழுதியதால் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.

ஆண்டுக் கணக்குகளின் கதை இன்னும் சுவாரசியமானது. இயேசுவின் உவமையில் அத்திமரம் துளிர்ப்பதை இஸ்ரவேல் நாட்டின் பிறப்பாகக் கொண்டு, அதைக் காணும் சந்ததிக்குள் முடிவு வரும், ஒரு சந்ததிக்கு நாற்பது ஆண்டுகள் என்று 1948உடன் கூட்டி, 1988இல் முடிவை எதிர்பார்த்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். 1981இல் கிரேக்க நாடு சேர்ந்ததும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பத்து நாடுகள் ஆயின. தானியேல் தரிசனத்தில் கண்ட மிருகத்தின் பத்துக் கொம்புகள் இவையே என்று எழுதினார்கள். 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டு ஆனபோது, அந்தக் கொம்புகளைப் பற்றி யாரும் திருத்தம் வெளியிட்டதாக நான் பார்த்ததில்லை. என்னிடம் வரும் நூல்களின் மறுபதிப்புகளை, முடிந்தால், பழைய பதிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஆண்டு எண் இருந்த இடத்தில் 'மிக விரைவில்' என்று இருக்கும். முன்னுரையோ 'ஏராளமானோர் கேட்டுக்கொண்டதற்கிணங்க' என்று தொடங்கும்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு இத்தகைய நூல்கள் அவசர அவசரமாக வரத் தொடங்கின. இஸ்ரவேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டதும், ஏறத்தாழ 250 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டதும் அந்த நூல்களில் ஒரு தீர்க்கதரிசன அட்டவணையின் கட்டமாக மட்டுமே இடம்பெற்றிருந்தன. அந்த வீடுகளைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. அதைத் தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டது பல நூல்களில் அந்தக் கட்டத்துக்குள்கூட வரவில்லை. அதே மாதம் 19ஆம் தேதி காசா நகரின் புனித போர்ஃபிரியுஸ் ஆலய வளாகத்தில் குண்டு விழுந்து, அங்கே தஞ்சம் புகுந்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்தினர் இறந்தார்கள். உலகின் மிகப் பழமையான கிறிஸ்தவச் சமூகங்களில் ஒன்று அது. கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களுக்காக எழுதிய அந்த நூல்களுள் என் மேசைக்கு வந்தவற்றில் ஒன்றிலாவது இதைக் காண முடியவில்லை. அந்த மாத மதிப்புரையில் இதைச் சற்றுக் கடுமையாகவே எழுதினேன். நான் எந்தப் பக்கம் என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன.

எருசலேம் பயண நூல்கள் இவ்வளவு கனமானவை அல்ல. புனிதப் பயணம் செல்லும் கிறிஸ்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2011இல் நிதியுதவி அறிவித்த பிறகு அவை பெருகின என்பது என் கணிப்பு. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற வசனத்துக்கு விளக்கமாக, ஊசியின் காது என்ற பெயரில் எருசலேமின் மதிலில் ஒரு சிறு வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கி முழங்காலிட்டு அதன் வழியே நுழையும் என்ற கதை இவற்றில் தவறாமல் வரும். அப்படியொரு வாசல் இருந்ததற்கு இயேசுவின் காலத்துச் சான்று எதுவும் கிடையாது; பிற்காலத்து விளக்கவுரைகளில் தோன்றி, வழிகாட்டிகளின் வாயில் வளர்ந்த கதை அது. ஐசுவரியவானுக்கு அந்த வசனம் உண்டாக்கும் நெருக்கடியை அது சௌகரியமாகக் குறைத்துவிடுகிறது என்பதால்தான் இத்தனை காலம் வாழ்கிறதோ என்னவோ.

கற்களை விவரிக்கும் இந்தப் பயணிகள் மனிதர்களைப் பார்ப்பதேயில்லை என்பது என் பெரிய குறை. கல்லறைத் திருக்கோயிலின் சாவியை ஓர் இஸ்லாமியக் குடும்பம் காத்துவருகிறது, கதவைத் திறந்து மூடுவது மற்றோர் இஸ்லாமியக் குடும்பம். அந்தக் கதவின் வழியே நுழைந்து வந்தவர் அதைக் குறிப்பிடாமல் எப்படி இருக்க முடிகிறது? நாசரேத்து இன்று இஸ்ரேலின் மிகப் பெரிய அரபு நகரங்களில் ஒன்று. இஸ்ரேலின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 2 சதவீதமாக இருக்கும் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அரபு மொழியில் ஜெபிக்கிறவர்கள். பெத்லகேமுக்குப் போக வேண்டுமானால் சோதனைச் சாவடியைக் கடந்து மேற்குக் கரைக்குள் நுழைய வேண்டும். பயண நூல்களில் பேருந்து உண்டு, விடுதி உண்டு, யோர்தானில் மூழ்கி எழுந்த புகைப்படம் உண்டு. அந்த ஊர்களில் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகும் ஒருவரோடு இரண்டு வார்த்தை பேசியதற்கான தடயம் அரிதாகவே இருக்கும்.

குடும்ப நூல்களுக்கு வருகிறேன். இவற்றில் பாதி அமெரிக்க நூல்களின் தழுவல்கள். வாரம் ஒருமுறை கணவனும் மனைவியும் தனியாக வெளியே உணவருந்தச் செல்ல வேண்டும் என்ற அறிவுரை, மாமியாரும் நாத்தனாரும் இரண்டு அறைகளுக்குள் சேர்ந்து வாழும் வீட்டில் என்ன ஆகும் என்பதைத் தழுவியவர் யோசித்திருக்க மாட்டார். மறு பாதி நம்மவர்கள் எழுதியவை. மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்னும் எபேசியர் 5:22 அவற்றில் இல்லாமல் இராது. எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருக்கச் சொல்லும் 21ஆம் வசனம் பெரும்பாலும் இராது. கிறிஸ்தவத் திருமணத்தைப் பற்றி இருநூறு பக்கங்களுக்கு மேல் எழுதி, வரதட்சணை என்ற சொல்லையே பயன்படுத்தாமல் முடித்த நூல் ஒன்று வந்திருந்தது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. நம் மணமேடைகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்று மதிப்புரையில் எழுதினேன். அந்த வரி அச்சானது. சாதியைப் பற்றி எழுதிய அடுத்த வரி இடப்பற்றாக்குறையால் வெட்டப்பட்டதாகச் சொன்னார்கள். அதே இதழின் கடைசிப் பக்கங்களில் வந்த மணமகள் தேவை விளம்பரங்களில், சபைப் பிரிவுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயருக்குப் போதிய இடம் இருந்தது.

ரூத்தின் சரித்திரம் இத்தகைய நூல்களில் மருமகளின் பணிவுக்கு உதாரணமாக மட்டுமே வருகிறது. அவள் மோவாபிய ஸ்திரீ என்பதையும், மோவாபியன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23 சொல்வதையும், அப்படியிருந்தும் அவள் தாவீதின் கொள்ளுப்பாட்டியாகக் கணக்கிடப்பட்டிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்நிய இனத்து மருமகளை ஏற்றுக்கொள்ள வேண்டியவர்களாக மாமியார் வீட்டாரும் ஊராரும் அல்லவா அந்தக் கதையில் சோதிக்கப்படுகிறார்கள்? குடும்பத்தைப் பற்றி எழுதுபவர்களும் இஸ்ரவேலைப் பற்றி எழுதுபவர்களும் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டிய நான்கு அதிகாரங்கள் அவை.

விசுவாச வாழ்க்கை நூல்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சாட்சி நூல்களே அவற்றில் மிகுதி; சுகம் பெற்றவர் இருப்பார், இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர் இருக்க மாட்டார். ஆனால் உண்மையாகவே துன்பப்பட்ட ஒருவர் எழுதியது இரண்டு பக்கங்களுக்குள் தெரிந்துவிடும், அப்போது பென்சில் தானாகவே கீழே போய்விடும்.

அப்படி வந்த ஒன்று, இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குச் சென்று திரும்பிய கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண் ஒருவரின் சிறு நூல். அட்டைப்படம் அழகாக இல்லை, எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. நாஜிகளின் முகாமிலிருந்து உயிர்பிழைத்த மூதாட்டி ஒருவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த ஆண்டுகளை அவர் எழுதியிருந்தார். இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள், ஓய்வுநாளில் கை வைக்கக் கூடாத மின்விசைகள், பஸ்காவுக்கு முன் அலமாரியின் மூலைவரை துடைத்துப் புளித்த மாவின் சுவடே இல்லாமல் செய்யும் வேலை எல்லாம் அதில் இருந்தன. பஸ்காவை விதிக்கும் யாத்திராகமம் 12ஐ இத்தனை அருகில் கொண்டுவந்த விளக்கவுரையை நான் வாசித்ததில்லை. யூதப் படுகொலை நினைவுநாளில் நாடெங்கும் சைரன் ஒலிக்க, வண்டிகள் நடுச்சாலையில் நிற்க, அந்த மூதாட்டி மட்டும் எழுந்து நிற்க மறுத்து நாற்காலியிலேயே அமர்ந்திருந்ததையும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு தானும் உட்கார்ந்திருந்ததையும் விளக்கம் எதுவும் சேர்க்காமல் சொல்லியிருந்தார். மூதாட்டியின் மகன்கள் தொலைபேசியில் மட்டும் வருவதை ஒரு வரியில் சொல்லி, ஊரில் விட்டுவந்த தம் குழந்தைகளைத் தாமும் தொலைபேசியில் வளர்த்ததை அடுத்த வரியில் சொல்லியிருந்தார்.

வழக்கமான முந்நூறு சொற்களுக்குப் பதிலாக இதற்கு முழுப் பக்கம் கேட்டேன், இதழாசிரியர் கொடுத்தார். நூலின் கடைசியில், யாருடைய ஆலோசனையாலோ, 1948இலிருந்து தொடங்கும் ஒரு கடைசிக்கால அட்டவணையும் ஒட்டப்பட்டிருந்தது. அதற்கு முன் வந்த பக்கங்களுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றும், அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அந்தப் பஸ்கா வாரத்தைப் பற்றி இன்னும் விரிவாக எழுத வேண்டும் என்றும் மதிப்புரையின் இறுதிப் பத்தியில் கேட்டுக்கொண்டேன்.