ஒரு பாட்டுக்கு முன்னும் பின்னும்

அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் 2014 செப்டம்பரில் 'ஐ' என்ற பாட்டைத் தனியாக வெளியிட்டபோது அவருடைய ரசிகர்களில் பலருக்கே அது ருசிக்கவில்லை. ஐஸ்லி பிரதர்ஸ் குழுவின் 1973ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் கிட்டாரை எடுத்துக்கொண்டு, தன்னைத் தானே நேசிப்பதைப் பற்றித் துள்ளலாகப் பாடிய அதை வானொலிக்காகச் செய்த சமரசம் என்றார்கள். லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த காம்ப்டன் நகரத் தெருக்களின் கதையை 2012இல் அவ்வளவு இறுக்கமாகச் சொன்ன மனிதர் இப்படி இளகிவிட்டாரே என்று அலுத்துக்கொண்டார்கள். அடுத்த பிப்ரவரியில் அந்தப் பாட்டு இரண்டு கிராமி விருதுகளை வாங்கியும் அலுப்பு தீரவில்லை. பிறகு 2015 மார்ச்சில் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' ஆல்பம் வந்தது. பதினாறு பாடல்களின் வரிசையில் பதினைந்தாவதாக அதே 'ஐ' வேறொரு பதிவாக இடம்பெற்றிருந்தது. மேடைக் கச்சேரிபோலத் தொடங்கும் அந்தப் பதிவின் நடுவே கூட்டத்துக்குள் கைகலப்பு வெடிக்கிறது. பாடகர் பாட்டை நிறுத்திவிட்டு, இந்த ஓர் ஆண்டில் மட்டும் நம்மில் எத்தனை பேரைப் பறிகொடுத்திருக்கிறோம் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறார். முதலில் அசட்டுத்தனமாகத் தெரிந்த துள்ளல், முன்னால் பதினான்கு பாடல்களைக் கடந்து வந்த பிறகு, பிடிவாதமாகக் கேட்கிறது.

சாலிகிராமத்தில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தில் மிக்ஸிங் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இந்த ஆல்பத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: இதன் ஆகப் பெரிய தொழில்நுட்பம் பீட்டிலோ வரியிலோ இல்லை, வரிசையில் இருக்கிறது. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்ற முடிவை இவ்வளவு யோசித்து எடுத்த ராப் ஆல்பம் வேறொன்றை நான் கேட்டதில்லை.

ஆல்பம் உருவான விதத்திலேயே இதற்கான காரணம் இருக்கிறது. கென்ட்ரிக் 2014இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். ராபன் தீவில் மண்டேலா அடைபட்டுக் கிடந்த சிறையறையைப் பார்த்தார். திரும்பி வந்ததும், அதுவரை பதிவுசெய்து வைத்திருந்தவற்றில் இரண்டு மூன்று ஆல்பங்களுக்குத் தேறக்கூடிய சரக்கை ஒதுக்கிவிட்டார் என்று அவருடைய ஒலிப்பொறியாளர் டெரிக் அலி சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டைத் தூக்கிப் போடுவதற்கே பாடகரும் தயாரிப்பாளரும் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிற எனக்கு, அத்தனை உழைப்பை ஓரமாக வைக்கும் துணிச்சல் எளிதில் நம்ப முடியாத ஒன்று.

மீதியை அவர் யாரோடு சேர்ந்து செய்தார் என்பதும் முக்கியம். டெரஸ் மார்ட்டின், தண்டர்கேட், கமாசி வாஷிங்டன் ஆகியோர் லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்த ஜாஸ் கலைஞர்கள். ஸ்னூப் டாகின் மேடைக் குழுவில் வாசித்தவர்கள். நம் ஊரில் காலையில் தேவாலயத்தில் கீபோர்டு, மாலையில் கல்யாணக் கச்சேரி, இரவில் சினிமா ரெக்கார்டிங் என்று ஓடுகிற வாத்தியக்காரர்களைப் போல, அவர்களுக்கும் ஜாஸ் வேறு ராப் வேறு என்ற பிரிவினை கிடையாது. சவுன்வேவ் முதலிய தயாரிப்பாளர்கள் போட்ட அடித்தளத்தின் மேல் இவர்கள் நேரடியாக வாசித்தார்கள். பழைய இசைத்தட்டிலிருந்து நான்கு விநாடியை வெட்டிச் சுழலவிடும் வழக்கமான வேலை இதில் குறைவு. தண்டர்கேட்டின் பேஸ் கிட்டார் பல இடங்களில் தாளத்துக்குக் கட்டுப்படாமல் குரலோடு வாக்குவாதம் செய்துகொண்டே போகிறது. ஃபங்க் இசையின் மூத்தவர் ஜார்ஜ் கிளின்டன் முதல் பாட்டிலேயே வருகிறார். 'ஐ' பாட்டுக்காக ரொனால்ட் ஐஸ்லியை நேரில் சந்தித்து அனுமதி கேட்ட கென்ட்ரிக், அவரையே இன்னொரு பாட்டில் பாடவும் வைத்துவிட்டார்.

வரிசைக்கு வருகிறேன். மூன்றாவது பாட்டின் இறுதியில் கென்ட்ரிக் ஒரு கவிதையின் தொடக்கத்தை இசையில்லாமல் வாசிக்கிறார். பின்னால் வரும் சில பாடல்களின் முடிவில் அதே கவிதை மீண்டும் வருகிறது. ஒவ்வொரு முறையும் சில வரிகள் கூடுகின்றன. எந்த வரியில் நிற்கிறதோ அந்த வரியின் மனநிலைதான் அடுத்த பாட்டு. கடைசிப் பாட்டான 'மார்டல் மேன்' முடிவில் முழுக் கவிதையும் வாசிக்கப்படும்போதுதான், இவ்வளவு நேரமும் அவர் அதை ஒருவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார் என்பதும், அந்த ஒருவர் 1996இல் சுட்டுக் கொல்லப்பட்ட ராப் பாடகர் டூபாக் ஷகூர் என்பதும் தெரியவருகிறது. ஸ்வீடன் வானொலிக்கு டூபாக் 1994இல் அளித்த பேட்டியின் பதில்களை எடுத்து, அவற்றுக்கு ஏற்றபடி தன் கேள்விகளைப் பதிவுசெய்து, இறந்தவரோடு உட்கார்ந்து பேசுவதுபோல் கோத்திருக்கிறார்கள். இறுதியாகப் பட்டாம்பூச்சியைப் பற்றிய ஒரு கதையைச் சொல்லிவிட்டு அபிப்பிராயம் கேட்கிறார். பதில் வருவதில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், ஆல்பம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

எங்கள் கூடத்துக்குப் பதிவுக்கு வருகிற வியாசர்பாடித் தம்பி ஒருவன் இதை முதலில் தன் போனில், பாடல்களை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளில் போட்டுக் கேட்டிருக்கிறான். "அண்ணா, இந்த ஆளு பாட்டுக்குப் பாட்டு அதே வரிய சொல்றாரே, எடிட்டிங்ல விட்டுட்டாங்களா?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. வரிசை குலைந்தால் கவிதையின் வளர்ச்சி தெரியாது. கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரிதான் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை உட்கார வைத்து, முதல் பாட்டிலிருந்து ஏறத்தாழ 79 நிமிடங்களையும் ஸ்பீக்கரில் போட்டேன். ஆறாவது பாட்டான 'யூ' வந்தபோது கையில் இருந்த போனைத் தரையில் கவிழ்த்து வைத்தான்.

அந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 'ஐ' பாட்டுக்கு நேர் எதிராக, தன்னையே வெறுக்கிற பாட்டு 'யூ'. தொடக்கத்தில் அலறல், நடுவில் ஹோட்டல் அறைக் கதவு தட்டப்படுகிறது, அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்கிறாள், அதற்குப் பிறகு ஒலியே மாறிவிடுகிறது. மதுப்புட்டி உரசும் சத்தம், மிடறு விழுங்கும் சத்தம், அழுகையில் அடைத்த தொண்டையிலிருந்து வரும் ராப். ஹெட்போனில் கேட்டால் குரல் வாய்க்கு மிக அருகில் பிடிக்கப்பட்டிருப்பது புலப்படும். மூச்சு வாங்குவதைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். என் அன்றாட வேலையில் பாதி, பாடகர்களின் மூச்சுச் சத்தத்தை அழிப்பதுதான். இந்தப் பாட்டில் மூச்சை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் இருக்காது.

இதற்கு அடுத்து, ஏழாவதாக வருவது 'ஆல்ரைட்'. ஃபாரல் வில்லியம்ஸ் கொடுத்த பீட்டை மாதக்கணக்கில் கையில் வைத்துக்கொண்டு, என்ன எழுதுவது என்று பிடிபடாமல் கென்ட்ரிக் தவித்திருக்கிறார். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் அதன் பல்லவி, ஆல்பத்துக்குள் அத்தனை எளிய நம்பிக்கையாக இல்லை. முன்னால் தற்கொலை எண்ணத்தின் விளிம்பில் நிற்கும் 'யூ'. பின்னால் பணத்தாசை காட்டி விலைபேச வருகிற சாத்தானின் குரல். இரண்டுக்கும் இடையில் மூச்சுவிடக் கிடைத்த சிறு இடைவெளிதான் அந்தப் பல்லவி.

ஆனால் வெளியே நடந்தது வேறு. 2015 ஜூலையில் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின உரிமை மாநாட்டுக்கு வந்திருந்தவர்கள், ஒரு சிறுவனைக் காவலர்கள் பிடித்துவைத்ததை எதிர்த்து நின்றபோது, இந்தப் பல்லவியைத்தான் ஒரே குரலில் முழங்கினார்கள். அதற்குப் பிறகு ஊர் ஊராக அது போராட்டக் கோஷம் ஆயிற்று. 'ஐ' தன் இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு உயிர்பெற்றது என்றால், 'ஆல்ரைட்' தன் இடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் பெரிதாயிற்று. என் வாதத்துக்கு இது இடையூறுதான். கேட்பவர்களுக்குத் தேவை இருக்கும்போது, கலைஞன் எவ்வளவு கவனமாகக் கோத்திருந்தாலும், அவர்கள் ஒரு மணியை மட்டும் உருவிக்கொண்டு போய்விடுவார்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே ஆண்டு ஜூனில் கறுப்பினக் கலைஞர்களுக்கான பெட் (BET) விருது விழாவில், உடைந்த காவல்துறைக் கார் ஒன்றின் மேல் நின்று அவர் அந்தப் பாட்டைப் பாடியதற்கு ஃபாக்ஸ் தொலைக்காட்சி விவாதத்தில் கடுமையான கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனக் குரலையே எடுத்து 2017இல் வந்த அடுத்த ஆல்பத்துக்குள் செருகிவிட்டார் கென்ட்ரிக்.

வரவேற்பின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மார்ச் 23ஆம் தேதி வரவேண்டிய ஆல்பம் 15ஆம் தேதி இரவே இணையத்தில் வந்துவிட்டது. பில்போர்டு பட்டியலில் முதல் இடம். முதல் வாரத்தில் 3,63,000 பிரதிகளுக்குச் சமமான விற்பனை. ஸ்பாட்டிஃபையில் முதல் நாளே 96 லட்சம் முறை கேட்கப்பட்டது. ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு 2019இல்தான் வந்தது என்பதால் அந்த 96 லட்சத்தில் சென்னையின் பங்கு பூஜ்யம் என்றே கொள்ளலாம். பென் டிரைவில் கைமாறியது எந்தக் கணக்கிலும் ஏறாது. பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி தன் கடைசி ஆல்பத்தைச் செய்துகொண்டிருந்த நாள்களில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அவருடைய தயாரிப்பாளர் டோனி விஸ்கோண்டி சொன்னார். அமெரிக்க அதிபர் ஒபாமா அந்த ஆண்டில் தனக்குப் பிடித்த பாட்டாக 'ஹவ் மச் எ டாலர் காஸ்ட்' பாட்டைக் குறிப்பிட்டார். வெள்ளை மாளிகையின் முன் புல்வெளியில் கறுப்பின இளைஞர்கள் பணக்கட்டும் பாட்டிலுமாகக் கொண்டாடுவதுதான் ஆல்பத்தின் அட்டைப்படம் என்பதை நினைத்தால் இது சுவையான செய்தி.

கண்டனமும் இருந்தது. 'தி பிளாக்கர் தி பெர்ரி' என்ற பதின்மூன்றாவது பாட்டு, நிறவெறியை முகத்துக்கு நேரே சாடிக்கொண்டே போய், கடைசி வரியில் சட்டென்று தன் பக்கம் திரும்புகிறது: நானும் என் இனத்தவன் ஒருவனைக் கொன்றவனாயிருக்க, 2012இல் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் டிரேவான் மார்ட்டினுக்காக நான் அழுதது பாசாங்கு இல்லையா என்கிறது. ஆல்பத்துக்கு முன்பே தனிப் பாட்டாக வந்தபோது இது பலரைப் புண்படுத்தியது. முதலில் நம்மை நாமே மதிக்க வேண்டும் என்ற பொருளில் அவர் ஒரு பேட்டியில் சொல்லியிருந்ததும் சேர்ந்துகொள்ள, அடிபடுகிறவனுக்கே உபதேசமா என்று கறுப்பின எழுத்தாளர்கள் சிலர் கேட்டார்கள். சென்னையில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சர்ச்சையின் வாடை புதிதல்ல. குடியை விடுங்கள், படியுங்கள், உரிமையைப் பிறகு பேசலாம் என்று வடசென்னை இளைஞர்களிடம் காலங்காலமாகச் சொல்லப்படுவதும் இதே பாட்டுதான். அதனால் அந்தக் கண்டனத்தில் நான் பாதி உடன்படுகிறேன். மறுபாதிக்கு வரிசை பதில் சொல்கிறது: பதின்மூன்றாவது பாட்டில் தன்னைக் குற்றவாளி என்கிறவர், பதினைந்தாவதில் தன் கண்ணெதிரே அடித்துக்கொள்கிற கூட்டத்துக்காகப் பாட்டையே நிறுத்திவிட்டுச் சண்டையை விலக்குகிறார். உபதேசம் செய்கிறவர் தன் பாட்டை நிறுத்துவதில்லை.

2016 பிப்ரவரி கிராமி விழாவில் பதினொரு பரிந்துரைகள், ஐந்து விருதுகள். ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருது டெய்லர் ஸ்விஃப்டின் '1989'க்குப் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், கென்ட்ரிக் பெற்ற ஐந்தில் ஒன்று, அதே டெய்லர் ஸ்விஃப்டின் பாட்டு வீடியோவில் பங்கேற்றதற்காகக் கிடைத்தது.

தமிழ் ராப்பில் ஆல்பம் என்ற வடிவத்துக்குப் பெரிய வரலாறு இல்லை. மலேசியாவிலிருந்து யோகி பி குழுவின் 'வல்லவன்' 2006இல் வந்தது. ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப் ஹாப் தமிழன்' 2012இல். அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த 'தெருக்குரல்' 2019இல். நடுவே 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் ராப்பையும் பறையையும் ஒரே மேடையில் ஏற்றியது. இவற்றைத் தவிர, பெரும்பாலும் சினிமாவின் வழிதான் இங்கே ராப்பின் வழியும்: ஒவ்வொரு சிங்கிளாக விட்டு, ஓடுகிறதா என்று பார்ப்பது. கென்ட்ரிக்கோ 2017இல் வந்த 'டேம்' ஆல்பத்தின் பாடல்களை அப்படியே தலைகீழ் வரிசையில் அடுக்கி, அதே டிசம்பரில் மறுபடி வெளியிட்டார். கதை இருபுறமிருந்தும் ஓடியது. அந்த ஆல்பத்துக்கு 2018இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

வியாசர்பாடித் தம்பியிடம் இப்போது ஆறு பாடல்கள் இருக்கின்றன. மாதம் ஒன்றாக விடச் சொல்லி அவனுடைய நண்பர்கள் நெருக்குகிறார்கள். அவனும் ஒன்றை முதலில் தனியாக விட்டுவிட்டு, ஆல்பத்துக்கு அதையே பறையோடு புதிதாகப் பதிவுசெய்வதாக முடிவெடுத்திருக்கிறான். அந்தப் புதிய பதிவை எங்கே வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் இழுபறி. எடுத்த எடுப்பிலேயே வைத்துக் கேட்பவனைப் பிடித்துவிட வேண்டும் என்கிறான் அவன். ஐந்தாவதாக வைத்து, முன்னால் அவனுடைய அப்பாவைப் பற்றிய மெதுவான பாட்டு வரவேண்டும் என்கிறேன் நான். அடுத்த வாரம் இரண்டு வரிசையிலும் கோத்துப் போட்டுக் கேட்கப்போகிறோம்.